சுதுகங்கைக் கழகத்தின் ஹென்ரி சேர்

எங்கள் சுதுகங்கை விளையாட்டுக் கழகத்துக்கு நாற்பது வயதாகிறதாம். நினைவு மலர் போடப் போகிறார்கள். பழைய பயிற்சியாளர்களைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதவேண்டுமென்று பிரித்துக் கொடுத்ததில், ஹென்ரி சேர் என் தலையில் விழுந்தார். "ஒரு பக்கம் போதும் நானா, படமும் போடணும்" என்று டெலிபோனில் சொன்னார்கள். ஒரு பக்கமாம்! பதினொரு வருடம் இந்த ஊரில் கிடந்த மனிதரை ஒரு பக்கத்தில் அடக்க அவர் என்ன மரண அறிவித்தலா? எனக்கு வந்தபடிதான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் படத்தை மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஹென்ரி சேர் மாத்தளையை விட்டுப் போனதற்கு வயது காரணமில்லை, நோய் காரணமில்லை, சிலர் சொல்கிறமாதிரி ஊர் நினைப்பு வந்ததும் காரணமில்லை. அவருக்கு இருந்த ஒரே ஆசை இந்த ஊரிலேயே இருந்துவிட வேண்டும் என்பது. அதைக் கெடுத்தவன் நான். ஹாஷிம், கழகத்தின் செயலாளர், பிரதான வீதியில் மிளகு கராம்புக் கடை வைத்திருப்பவன். இருபது வருடமாக ரெஜிஸ்டர் எழுதுகிறவன்.

அவருடைய முழுப்பெயர் ஹென்ரிக் வியேலோச். போலந்தின் தெற்கே, நிலக்கரி தோண்டும் ஊரொன்றில் பிறந்தவர். ஊர்ப் பெயரைச் சொல்வார். நம் நாக்கில் நிற்காது. தகப்பன் சுரங்கத்தில் வேலை. சுரங்கத்துக்கென்று ஒரு கால்பந்தாட்ட அணி இருந்தது. அதில் இவர் இடது பின்வரிசையில் விளையாடியிருக்கிறார். இருபத்தொன்பது வயதில் முழங்கால் போய்விட்டது. முப்பத்திரண்டில் மனேஜர் ஆனார்.

மனேஜர் என்றால் நம் கழகத்தில் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவர். அவருடைய நாட்டில் அப்படியில்லை. யார் விளையாடுவது, யார் உட்காருவது, எப்படி ஆடுவது, எல்லாம் மனேஜர் சொல்வதுதான். அதற்குப் பதிலாக, தோற்றால் முதலில் வீட்டுக்குப் போவதும் மனேஜர்தான். இருபத்திரண்டு வருடத்தில் எட்டுக் கழகங்களை நடத்தியிருக்கிறார். ஏழிலிருந்து துரத்தினார்கள். எட்டாவதை இழுத்து மூடிவிட்டார்கள். "எப்பவும் திங்கட்கிழமை, செக்ரட்டரி" என்பார் என்னிடம், விரலைத் தூக்கிக்கொண்டு. "ஞாயிற்றுக்கிழமை தோக்கிறோம். திங்கட்கிழமை தலைவர் வர்றாங்க. கை குலுக்குறாங்க. முடிஞ்சுது."

நடுவில் ஒரு நல்ல காலமும் இருந்திருக்கிறது. சீனித் தொழிற்சாலை உள்ள ஒரு சின்ன ஊரின் அணியை இரண்டே வருடத்தில் இரண்டு படி மேலே கொண்டுபோயிருக்கிறார். ஊர்க்காரர்கள் அவரை டிராக்டர்ப் பெட்டியில் ஏற்றி ஊர்வலம் விட்டார்களாம். அடுத்த வருடம் தொடர்ந்து ஏழு தோல்வி. அந்த ஊர்வலத்தில் டிராக்டர் ஓட்டிய ஆளே மைதானத்துக்கு வந்து இவரைப் பார்த்துத் தூஷணத்தில் ஏசியிருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு அவர் விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. மனைவி பார்பரா அவரோடு ஐந்து ஊர்களுக்கு வீடு மாறியிருக்கிறாள். ஆறாவது ஊருக்கு, நீ மட்டும் போ என்று சொல்லிவிட்டாள். மகள் அயர்லாந்தில். மாதத்தில் ஒரு ஞாயிறு பேசுவாள், சில மாதம் அதுவும் இல்லை.

கொழும்பில் ஒரு கழகம் இரண்டு வருட ஒப்பந்தத்தில் அவரைக் கூட்டி வந்தது. ஒன்றரை வருடத்தில் அவர்கள் கால்பந்தாட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஊருக்குத் திரும்ப டிக்கட் எடுத்துவிட்டு, போவதற்கு முன் சீகிரியாவைப் பார்ப்போம் என்று கண்டியிலிருந்து தம்புள்ளை பஸ்ஸில் ஏறியிருக்கிறார். பஸ் மாத்தளையில் நின்றது. சாரதி தேத்தண்ணீர் குடிக்கப் போனார். எங்கிருந்தோ விசில் சத்தம் கேட்கவும் இந்த மனிதர் இறங்கிச் சத்தம் வந்த பக்கமாக நடந்துவிட்டார். பஸ் அவருடைய சூட்கேஸோடு தம்புள்ளைக்குப் போய்விட்டது.

அன்று நாங்கள் பயிற்சியில் இருந்தோம். தூறல். கோல் போஸ்டுக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் வந்து நின்றார். சுற்றுலாக்காரர் என்று நாங்கள் கவனிக்கவில்லை. பத்து நிமிடம் சும்மா நின்றார். பிறகு எங்கள் இடது பின்வரிசைக்காரனைப் பார்த்து ஏதோ கத்தினார். இன்னும் ஐந்து நிமிடத்தில் மைதானத்துக்குள்ளேயே வந்து அவனுடைய தோளைப் பிடித்து இரண்டடி தள்ளி நிறுத்தினார்.

"யாருடா இந்தப் பைத்தியம்?" என்று நான் சத்தம் போட்டேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில், ஊருக்கே தெரியும். ஆனால் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தால் ஒரு பந்துகூட உள்ளே போகவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

சீகிரியாவுக்கு அவர் போகவேயில்லை. பதினொரு வருடம் இந்த மாவட்டத்தில் இருந்தும் அந்தக் கல்லில் ஏறாத ஒரே வெள்ளைக்காரர் அவராகத்தான் இருக்கும்.

அலுவிகாரையில், ஏ நைன் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே, சண்முகராஜாவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீடொன்று இருந்தது. சண்முகராஜா த்ரீவீல் ஓடுகிறவர், எங்கள் நிர்வாகக் குழுவிலும் இருக்கிறார். எங்கள் பயிற்சியாளராக அந்த வீட்டில் சேர் குடியேறினார். வதிவிட விசாவுக்கு ஒவ்வொரு வருடமும் கழகம் ஒரு கடிதம் கொடுக்கவேண்டும், இவர் எங்களுக்குத் தேவை என்று. அந்தக் கடிதத்தை எழுதுவது என் வேலை. தலைவர் மீராசாஹிப் ஹாஜியார் கையெழுத்து வைப்பார். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் சேருக்கு இந்த நாட்டில் இருக்க வழியில்லை. இதைப் படிக்கிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழை அவர் மைதானத்தில்தான் பிடித்தார். பெரியவர்களுக்கு 'ங்க' போட்டுப் பேச வேண்டும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இவர் எல்லாவற்றுக்கும் போட்டார். மைதானத்துக்குள் மாடு வந்தால், "மாடு, நீங்க வெளிய போங்க!" என்று அதட்டுவார். பையன்கள் புரண்டு புரண்டு சிரிப்பார்கள். அவருக்கு ஏனென்று விளங்காது; விளங்காமலே தானும் சிரிப்பார்.

நல்ல மனிதர், ஆனால் தனியாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரத்தில் கடைகளெல்லாம் சாத்தியிருக்கும்போது மைதானத்தில் அவர் மட்டும் நிற்பார். வலையில் கிழிந்த இடத்தைக் கட்டிக்கொண்டிருப்பார். பெருநாளைக்கு எங்கள் வீடுகளிலிருந்தெல்லாம் அவருக்குச் சாப்பாடு போகும். ஒரு நோன்புப் பெருநாளன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டு மேசையைக் காட்டினார். பிரியாணி, வட்டிலப்பம், பொரித்த கோழி. "ஒன்பது வீடு, செக்ரட்டரி. நான் ஒரு ஆள். கொண்டு வந்தவங்க எல்லாரும் கேட்டிலேயே குடுத்துட்டுப் போய்ட்டாங்க." நான் அன்று உட்கார்ந்து அவரோடு ஒரு பிடி சாப்பிட்டேன். அந்த ஒரு பிடிக்கு அவர் எத்தனை தரம் நன்றி சொன்னார் என்று எண்ணி முடியாது. நாங்கள் அனுப்புவதில் கெட்டிக்காரர்கள். உட்காருவதற்குத்தான் எங்களுக்கு நேரம் இருப்பதில்லை.

இனி, எங்கள் கழகத்தின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கட்டாருக்கோ சவூதிக்கோ வேலைக்குப் பயணம் போகிறவன், தன் கடைசி ஆட்டத்தில் மைதானத்தில் கால் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். ஐந்து நிமிடமானாலும் சரி, இறக்க வேண்டும். முன்பொரு காலத்தில் ஒருவனை இறக்காமல் அனுப்பி, அவன் ரியாத்தில் ரோட்டு விபத்தில் மவுத்தாகிவிட்டான். அன்றிலிருந்து தாய்மார்கள் இதை விடுவதில்லை. 'பயணக்கால்' என்று இதற்குப் பெயர்.

சேருக்கு இது கண்ணில் காட்டக்கூடாது. "இது ஃபுட்போல். எயார்போர்ட் இல்ல" என்று கத்துவார். முதல் நாலு வருடம் ஒருவனையும் பயணக்காலுக்காக இறக்கவில்லை. உம்மாமார் மைதானத்து மதிலோரமாக வந்து நின்று அவரை ஏசிவிட்டுப் போவார்கள். அவர் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார். பிறகு பிறகு கொஞ்சம் இளகினார். மூன்று கோல் முன்னால் நின்றால் இறக்குவார். அதற்குமேல் இறங்கி வரமாட்டார்.

அந்த வருடம்தான் எங்களுக்கு வாய்த்தது. பதினொரு வருடம் அவர் பாடுபட்டதற்குப் பலன். மாவட்ட லீக்கில் முதலாவதாக வந்து, மேல் டிவிஷனுக்குப் போகும் ஆட்டத்தில் நின்றோம். கரையோரப் பக்கத்திலிருந்து ஒரு கழகம் வந்திருந்தது. வென்றால் மேலே போகலாம். ஹாஜியார் அதற்கு முன்தினமே சொல்லிவிட்டார்: "மேல போனோம்னா சேருக்கு வருஷா வருஷம் கடிதம்ங்கிற கதையே வேணாம். அஞ்சு வருஷத்துக்கு ஒரேயடியா ஏற்பாடு செய்வோம். இங்கயே இருக்கட்டும் மனுஷன்." சேர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். அவருக்குச் சந்தோஷம் தாங்காவிட்டால் அப்படித்தான் செய்வார்.

எங்கள் அகீல் அந்த ஆட்டத்துக்கு இரண்டு நாள் கழித்துக் கட்டாருக்குப் போகவிருந்தான். இருபத்தாறு வயது, வலது பக்க ஓட்டக்காரன். மாதம் ஒன்றுக்கு முன் ரெஃபரியை ஏசிச் சிவப்பு கார்ட் வாங்கியிருந்தான். இரண்டு ஆட்டத் தடை. தடை முடிந்ததா இல்லையா என்று பார்ப்பது என் ரெஜிஸ்டர். கார்ட் வாங்கிய பிறகு தம்புள்ளையில் ஒரு ஆட்டம். அகீல் வெளியே உட்கார்ந்தான். இடி மழை வந்து இருபத்தைந்தாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டார்கள். அடுத்த கிழமை அதே ஆட்டத்தைத் திரும்ப முதலிலிருந்து வைத்தார்கள். அகீல் அன்றும் வெளியே உட்கார்ந்தான். நான் ரெஜிஸ்டரில் எழுதினேன்: இரண்டு ஆட்டம், தடை முடிந்தது.

இரண்டு நாள் உட்கார்ந்தான், உண்மைதான். ஆனால் அது ஒரே ஆட்டம். மழையால் நின்ற ஆட்டம் கணக்கில் வராது. பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். இருபது வருடச் செயலாளருக்கு விளங்கவில்லை.

எண்பத்தைந்தாவது நிமிடம். நாங்கள் இரண்டு, அவர்கள் ஒன்று. மதிலோரத்தில் அகீலின் உம்மா உம்மு குல்தூம் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறார். மகனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு மனம் கேட்கவில்லை.

"சேர், அகீல எறக்குங்க. உம்மா வந்து நிக்கிறாங்க."

"ஒரு கோல்தான் கூட, செக்ரட்டரி."

"அஞ்சு நிமிஷம்தானே சேர். என்னத்த ஆகிடப் போகுது?"

அவர் உம்மு குல்தூமைத் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "கார்ட்? தடை முடிஞ்சுதா? சரியாத் தெரியுமா?"

"முடிஞ்சுது சேர். என் ரெஜிஸ்டர் பொய் சொல்லாது."

அகீல் இறங்கினான். மூன்று தரம் பந்து காலில் பட்டது. விசில் ஊதினார்கள். வென்றோம். உம்மு குல்தூம் குடையைப் போட்டுவிட்டு அழுதார். சேரைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு மைதானத்தைச் சுற்றினார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அந்தப் பக்கத்துச் செயலாளர் மட்டும் ஒரு மூலையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தோற்ற கடுப்பில் கவிதை எழுதுகிறார் என்று நான் பக்கத்தில் இருந்தவர்களிடம் பகிடி விட்டேன்.

அவர் முறைப்பாடுதான் எழுதியிருக்கிறார். நாலாம் நாள் முடிவு வந்தது. தடையில் இருந்த ஆட்டக்காரனை இறக்கியதற்காக, வெற்றி அவர்களுக்கு. மூன்றுக்குப் பூச்சியம். அகீல் அதற்குள் கட்டாருக்குப் போய்விட்டான்.

ஊர் கொந்தளித்தது. ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியாரின் ஹார்ட்வெயார் கடை மேல்மாடியில் கூட்டம். பன்னிரண்டு பேர். ரெஜிஸ்டர் மேசையில் என் முன்னால் இருந்தது. சேர் ஜன்னலோரமாக ஒரு கதிரையில் இருந்தார்.

ஹாஜியார் கேட்டார்: "அகீல எறக்கலாம்னு சொன்னது யாரு?"

சொல்லத்தான் போனேன், அல்லாஹ் சாட்சி. ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு சொல்வோம் என்று இருந்தேன். அந்த ஒரு மூச்சுக்குள் சேர் எழுந்துவிட்டார்.

"நான். செக்ரட்டரி வேணாம்னு சொன்னாங்க. நான் மறந்துட்டேன். வயசு."

மேசையில் இருந்த ரெஜிஸ்டரை ஒருவரும் தொடவில்லை. நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். ஆமாம், அதைத்தான் நினைத்தேன். வேறு காரணம் சொல்லலாம். கடை இருக்கிறது, வாப்பா ஆரம்பித்த கழகம், வீதியில் எப்படித் தலை காட்டுவது என்றெல்லாம் சொல்லலாம். எல்லாம் சப்பைக்கட்டு. பயம், அவ்வளவுதான். எல்லாருக்கும் முன்னால் எப்போதும் சத்தம் போடுகிற ஹாஷிமுக்கு அன்று சத்தம் வரவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அவருடைய கையைப் பிடித்தேன். "ஏன் சேர் இப்படிச் செஞ்சீங்க?"

"நீங்க இந்த ஊர்ல இருக்கணும். மவுத் வரைக்கும். கடை, பள்ளிவாசல், பிள்ளைங்க. நான் மனேஜர். மனேஜர் போறது சாதாரணம்." என் முதுகில் தட்டினார். "வீட்டுக்கு வாங்க. பேசுவோம்."

"வாறேன் சேர்" என்றேன்.

அடுத்த கிழமை நிர்வாகக் குழு, இந்த வருடம் விசாக் கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தது. கழகம் இனி அவருக்குப் பொறுப்பில்லை என்று ஒரு கடிதம் அனுப்பச் சொன்னார்கள். கடிதம் எழுதுவது யாருடைய வேலை? என்னுடைய வேலை. கடையில் உட்கார்ந்து எழுதினேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு தரம் வாசித்தும் பார்த்தேன். எவ்வளவு நல்ல செயலாளர், பாருங்கள்!

விசா முடிய இரண்டு மாதம் இருந்தது. வெங்காயம், செத்தல் மிளகாய் எடுக்க நான் கிழமைக்கு இரண்டு தரம் தம்புள்ளைக்குப் போகிறவன். போகும்போதும் வரும்போதும் அலுவிகாரையைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அவருடைய வீட்டுக்குத் திரும்பும் ஒழுங்கை முனை ரோட்டிலிருந்து தெரியும். முதல் தரம் போகும்போது, திரும்பி வரும்போது போவோம் என்று நினைத்தேன். திரும்பி வரும்போது லொறியில் சாமான் இருக்கிறதே என்று நினைத்தேன். பிறகு நினைப்பதையும் விட்டுவிட்டேன். அந்த இடம் வந்தால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்வேன். ஒருநாள் அவர் ஒழுங்கை முனைக் கடையில் பாண் வாங்கிக்கொண்டு நின்றார். லொறியைக் கண்டு கையைத் தூக்கினார். நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

நடுவில் ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. என் மனைவி நஸ்மியா வழக்கம்போல அவருக்கென்று ஒரு சாப்பாட்டுப் பெட்டி கட்டி வைத்திருந்தாள்.

"இந்த வருஷம் அனுப்ப வேணாம்" என்றேன்.

"ஏங்க? அந்த மனுஷன் என்ன செஞ்சாரு?"

"வேணாம்னா வேணாம். சும்மா நச்சரிக்காத."

அவள் பெட்டியைத் திறந்து சோற்றைச் சட்டியில் திரும்பக் கொட்டினாள். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. பிறகு விசாரித்தேன். எந்த வீட்டிலிருந்தும் போகவில்லை. ஒரு வீட்டிலிருந்துகூட.

ஜூலைக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, சண்முகராஜா என் கடைக்கு வந்து மஞ்சள் தூள் கேட்டார். நிறுத்துக் கொடுத்தேன். போகும்போது, "சேர் காலையில போய்ட்டாரு" என்றார். த்ரீவீலில் கொண்டுபோய் விடுகிறேன் என்று இவர் சொன்னதற்கு வேண்டாம் என்றுவிட்டு, சூட்கேஸைத் தானே இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாராம். வீட்டைக் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்திருந்தாராம். நான் அடுத்த ஆளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

அதன் பிறகு எனக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை. கடையில் சும்மா சும்மா ஆட்களோடு கொளுவினேன். தொழுகையில் நின்றால் அந்த மேல்மாடிதான் ஞாபகம் வரும். பெரிய பாவம் என்று தெரிந்துகொண்டே எட்டு மாதம் சுமந்தேன். கடைசியில் இந்த வருடத்துப் பொதுக்கூட்டத்தில் எழுந்து நின்றேன். அதே மேல்மாடி. நாற்பது பேர் இருந்தார்கள். வேட்டைக்கு ஓடுகிறவன்மாதிரி மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன்: பிழை என்னுடையது, ரெஜிஸ்டரில் பிழையாக எழுதியது நான், சேர் என்னிடம் கேட்டார், முடிந்தது என்று சொன்னதும் நான்.

இடி விழப் போகிறது என்று நின்றேன். ஏசுவார்கள், அடிப்பார்கள், கழகத்தை விட்டே விரட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவர் இருமினார்.

சண்முகராஜாதான் பேசினார். "அது எல்லாருக்கும் தெரியுமே ஹாஷிம் நானா."

"என்ன தெரியும்?"

"முறைப்பாடு வந்த அன்னைக்கே நாங்க ரெஜிஸ்டரப் பார்த்துட்டோம். உங்க கையெழுத்துத்தானே? கூட்டத்துல எப்படி இதக் கேக்கிறதுன்னு இருந்தோம். அதுக்குள்ள சேரே எந்திரிச்சுட்டாரு."

நான் ஹாஜியாரைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். "உட்காருங்க ஹாஷிம். நீங்க நம்ம ஆளு. உங்கள விட்டுக் குடுக்க ஏலுமா? பழைய கதை. அடுத்தது, ஜேர்சி நிறம் பற்றி."

ஜேர்சி நிறம்! எனக்கு வந்த ஆத்திரத்தில் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தேன். என் மேல் ஆத்திரமா, அவர்கள் மேல் ஆத்திரமா என்று தெரியவில்லை. பன்னிரண்டு பேருக்கும் தெரிந்திருக்கிறது. பன்னிரண்டு பேரும் ஒரு வயதான மனிதர் பொய் சொல்வதைப் பார்த்துக்கொண்டு, அது எங்களுக்கு வசதி என்று உட்கார்ந்திருந்தோம். எனக்குத் தனியாக ஒரு பாவம் என்றுதான் எட்டு மாதம் நினைத்தேன். ஊருக்கே பங்கு இருந்திருக்கிறது. அதனால் என் பங்கு ஒன்றும் குறையவில்லை.

கீழே இறங்கி, கடை வாசலில் நின்றபடியே அவருக்கு வட்சப்பில் எடுத்தேன். நாலைந்து தரம் அடித்தது. எடுத்தார்.

"செக்ரட்டரி!" என்றார். அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

தங்கச்சியின் வீட்டில் இருக்கிறாராம், அந்தப் பழைய சுரங்க ஊரில். நாலாம் மாடி. முழங்காலோடு படியேற முடியாததால் அதிகம் வெளியே போவதில்லை. சுரங்கத்தை எப்போதோ மூடிவிட்டார்களாம், அணியும் இல்லை. "இங்க என்னைத் தெரிஞ்சவங்க எல்லாரும் மவுத்" என்றார் நம் பாஷையில்.

நான் கொட்டினேன். பொதுக்கூட்டத்தில் எழுந்து சொன்னதை, எல்லாருக்கும் முன்பே தெரிந்திருந்ததை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். திரும்பி வாருங்கள், கடிதம் நான் எழுதுகிறேன், ஹாஜியாரின் கையை நானே பிடித்துக் கையெழுத்து வாங்குகிறேன், மாட்டேன் என்றால் அந்தக் கடையை இரண்டாக்குகிறேன் என்றேன்.

அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "தெரியும்" என்றார்.

"என்ன தெரியும் சேர்?"

"அவங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அன்னைக்குக் கூட்டத்துல ஒருத்தரும் என்னைப் பார்க்கல்ல. ரெஜிஸ்டரத் தொறக்கல்ல. இத்தனை வருஷம் மனேஜர், செக்ரட்டரி. ஒரு ரூமப் பார்த்தா விளங்கும்."

"அப்ப ஏன் சேர் ஒண்ணும் சொல்லாமப் போனீங்க?"

"பழி நான்தான் எடுத்தேன். அது பரவாயில்ல, எனக்குப் பழக்கம். கடிதமும் பரவாயில்ல." அங்கே எங்கோ தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம் கேட்டது. "போலந்துல துரத்தினப்பக்கூட, மறுநாள் யாராவது வீட்டுக்கு வருவாங்க. புல்லு வெட்டுறவர் வருவார். கோல் கீப்பர் வருவார். உட்கார்ந்து என்னோட சேர்ந்து தலைவர ஏசிட்டுப் போவாங்க. நீங்க வாறேன்னு சொன்னீங்க. நான் அறுபது நாள் கேட்டத் தொறந்து வச்சேன். சண்முகராஜா வீட்டு நாய்க்கிட்டயும் சொல்லி வச்சேன், யாரும் வந்தா குலைக்காதீங்கன்னு. அது குலைக்கவே இல்ல, செக்ரட்டரி. ஒரு ஆள் வரல்ல."

நான் அழுதேன். வீதியில் ஆட்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவர் அழாதீங்க என்றார், கடையில் வியாபாரம் எப்படி என்று கேட்டார், நஸ்மியாவைச் சுகம் விசாரித்தார். திரும்பி வருவது பற்றி மட்டும் ஒன்றும் பேசவில்லை. நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. என் கடையிலிருந்து அலுவிகாரைக்குப் பத்து நிமிடம்கூட இல்லை.